இறங்காத துடிப்பு

— அந்தக் கிலுகிலுப்பைய இன்னும் எத்தன தடவதாம்மா ஆட்டுவீங்க? மாடி ஏறி வந்ததுல எனக்கே நெஞ்சு இரைக்குது. புள்ளைக்கு என்னன்னு சொல்லுங்க.

— சொல்றேன் பெரியவரே. இந்தப் பொட்டியில ஓடுற நம்பர் உங்க பேரனோட இதயத்துடிப்பு. குழந்த எதையாவது உத்துக் கவனிச்சா துடிப்பு கொஞ்சம் நிதானமாவும். இவனுக்கு எறங்கவே மாட்டேங்குது. கண்ணும் ஒரு எடத்துல நிக்கல.

— உங்க பொட்டிதான் ரிப்பேரா இருக்கும். காட்டூர்லேருந்து தில்லை நகர் வரைக்கும் வரவழச்சு பயமுறுத்துறீங்க.

— பொட்டி நல்லாத்தான் இருக்கு. கலைமதி, எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். மாசமா இருந்தப்ப புகை பிடிச்சியாம்மா?

— தூ! கேக்குற கேள்வியப் பாரு! மண்ணச்சநல்லூர்ல கவுரவமான வீட்டுப் பொண்ணு, என் மருமக. அவளப் பாத்து...

— ஆமான்னு எழுதிக்குங்க சிஸ்டர்.

— என்னடி சொன்ன?

— ஒம்பது மாசமும். ஒரு நாளைக்கு அஞ்சு தடவ. அதனாலதானா சிஸ்டர்?

— அதனாலதான்னு இப்பவே அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா அம்மா இழுக்குற புகை வயித்துப் புள்ளைக்கும் போவும். துடிப்பு, கவனம் ரெண்டையும் கெடுக்கலாம். டாக்டரம்மா பாக்கட்டும்.

— ச்சீ! அந்த வாயாலயா என் பேரனுக்கு முத்தம் குடுத்த? உன் கையால சோறு தின்னத நெனச்சாலே கொமட்டுது. குடு புள்ளைய இங்க!

— மெதுவா மாமா, தலையப் பிடிச்சுக்குங்க.

— எனக்குத் தெரியும். சிவசங்கருக்குப் போன் போடு. உன் புருசனே கேக்கட்டும். நீ இப்பிடியே உங்க அப்பன் வீட்டுக்கு பஸ் ஏறு. புள்ள எங்கிட்ட இருக்கும்.

— போடுறேன். அவர்கிட்டயே சொல்றேன்.

— என்னன்னு சொல்லுவ? எந்தப் பொட்டிக்கடையில வாங்கி, எந்தச் சந்துல நின்னு ஊதுனன்னா?

— கடையில வாங்குனது நீங்க மாமா. "நெஞ்சு இரைக்குது, சுருட்டுல நெருப்பு பிடிக்கிற வரைக்கும் இழுக்க முடியல, அடுப்புல பத்தவெச்சு இழுத்துக் கொண்டா"ம்பீங்க. கங்கு சரியா பிடிக்கலன்னா திருப்பி அனுப்புவீங்க. மாசமா இருக்கேன் மாமான்னு ஒரு தடவ சொன்னேன். "நாலு இழுப்புல செத்தா போயிருவ"ன்னீங்க. இன்னிக்குக் காலையிலகூட நான்தான இழுத்துக் குடுத்தேன்?

— பெரியவரே? என்ன பெரியவரே, உக்காருங்க.

— இந்தா... புள்ளைய நீயே வாங்கிக்க. என் சட்ட நாறுது.