பத்தால் பெருக்காத எண்

ஊசி குத்துவதில் எனக்கு நல்ல கை. குழந்தைகள்கூட என்னிடம் அழுததில்லை. வேண்டுமானால் லேபில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

இதய ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக ரத்தம் பார்க்கிறேன். சி.ஆர்.பி. என்று ஒரு எண் உண்டு. உடம்புக்குள் கிருமியோ அழற்சியோ இருந்தால் அது ஏறும். இதயம் பலவீனமானவர்களுக்குத் துடிப்பைச் சீராக்கும் கருவி வைக்கிறார்களே, அந்த எண் ஏறியவர்கள் கருவி வைத்தும் தேறுவதில்லை. இதை முதலில் கவனித்தவன் நான். புதிதாக வந்த டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"அப்படியாண்ணா? லிஸ்ட் எடுத்துக் குடுங்களேன்" என்றார்.

இரண்டு மாதம் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கட்டுரையாக்கி மாநாட்டில் வாசித்தார். எழுந்து நின்று கைதட்டினார்களாம். எண் பத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் கருவி என்று ஆஸ்பத்திரியே விதி போட்டது. எனக்கு ஒரு ஸ்வீட் டப்பா வந்தது. வயிறு எரிந்தது, மறைக்கவில்லை.

எண் மிக அதிகமானால் எங்கள் பழைய மெஷினுக்குப் படிக்கத் தெரியாது. ரத்த மாதிரியைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து ஓட்டி, வருவதைப் பத்தால் பெருக்கி எழுதுவோம். ஒரு தையல்காரர் ரத்தம் கொடுக்க வந்தார்.

"அளவு எடுத்தாச்சு, சட்டை எப்ப சார் தருவீங்க?" என்று கேலி பேசினார். நானும் சிரித்தேன்.

நீர்க்கச் செய்து ஓட்டியதில் மெஷின் ஆறு என்றது. நானும் ஆறு என்றே எழுதினேன். அதில் பொய் இல்லை. பெருக்கவில்லை, அவ்வளவுதான்.

கருவி வைத்தார்கள். வைத்த இடத்தில் சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் பரவி, ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

"ரிப்போர்ட் நல்லா இருக்குன்னுதானே தம்பி சொன்னாங்க?" என்று அவர் மனைவி கேட்டார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

டாக்டரம்மாவின் முகம் வாடியதைப் பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் ஒருவர் செத்தால் தலைவிதி என்று விட்டுவிடுவார்கள். இன்னும் சிலருக்கும் பெருக்காமல் விட்டேன்.

பொறாமை என்று எழுதிக்கொள்கிறீர்கள். தன் பங்கைக் கேட்பது பொறாமையா இன்ஸ்பெக்டர் சார்? இந்த வாரம் கருவியோடு வீட்டுக்குப் போன பதினான்கு பேரில் மூன்று பேர் அப்படிப்பட்டவர்கள். கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுக்கட்டும், யார் யார் என்று உடனே சொல்லிவிடுகிறேன். உயிர் விஷயத்தில் நான் இழுத்தடிக்கிறவன் இல்லை.