எனக்காகப் பேசுகிறவள்

எங்கள் வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள் என்பதால் அம்மா அதை என் பொறுப்பில் விட்டிருந்தாள்.

மாத்திரை என் தங்கை அஷ்வினிக்கு. பதினாறு வயது. அவள் மனம் சில மாதம் பட்டம்போலப் பறக்கும், சில மாதம் போர்வைக்குள் கிடக்கும். டாக்டர் லித்தியம் கொடுத்தார். நல்ல மருந்து. நேரத்துக்குத் தூங்கினாள், பரீட்சை எழுதினாள், பேச்சையும் குறைத்துக்கொண்டாள்.

அதுதான் எனக்குச் சிரமமாகிவிட்டது. நான் கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே தயங்குகிறவள். ஹெப்பாளில் இருக்கும் தன் கம்பெனி பஸ்ஸுக்காக எங்கள் தெருமுனையில் நிற்கும் பிரசாந்திடம் எனக்காகப் பேசியது, பறக்கும் அஷ்வினி.

"ஏன்ரீ பிரசாந்த், உங்க சட்டை எல்லாம் எங்கக்காவுக்கு மனப்பாடம். நீங்க என்னடான்னா பஸ்ஸையே பாத்துட்டு நிக்கிறீங்க."

அவர் சிரிப்பார். நான் செருப்பைப் பார்ப்பேன்.

லித்தியம் சாப்பிட்ட அஷ்வினியோ, "நீயே பேசுக்கா, எனக்குக் கூச்சமா இருக்கு" என்றாள். ஒரு வீட்டுக்கு ஒருத்தியின் கூச்சம் போதும்.

அம்மாவின் கால்சியம் மாத்திரையும் வெள்ளை, வட்டம். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டால் வித்தியாசம் தெரியாது. வளர்கிற பெண், எலும்புக்கும் நல்லது. ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று டாக்டர் அவ்வப்போது பார்ப்பார். அதற்கு முந்தின வாரம் மட்டும் நிஜ மாத்திரை கொடுத்தேன். "தும்ப சென்னாகிதே", ரொம்ப நன்றாக இருக்கிறது என்று கன்னடத்தில் சொல்லி, ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் தலையாட்டினார். அந்தப் பாராட்டு எனக்குச் சேர வேண்டியது.

அஷ்வினி மறுபடி பேச ஆரம்பித்தாள். தூங்குவதை நிறுத்தினாள். ஒரு காலையில், மாதேஸ்வரன் மலைக்குக் கிளம்பிய பஸ்ஸின் கூரைமேல் ஏறி, பஸ் ஸ்டாண்டையே என் கல்யாணத்துக்கு அழைத்தாள். "மொய் வேணாம், வந்து சாப்பிட்டுப் போங்க." பிறகு, தனக்குப் பறக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டுக் குதித்தாள்.

இரண்டு காலும் முறிந்தது. எலும்பு நன்றாகக் கூடி வருகிறதாம். கால்சியம் வீண்போகவில்லை.

பிரசாந்த் தினமும் இளநீரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். போன வாரம் எங்களுக்கு நிச்சயமானது.

ரத்தத்தில் அளவு சரியாக இருந்தும் இப்படி ஆனதால், லித்தியம் இவளுக்கு உதவவில்லை என்று டாக்டர் முடிவு செய்தார். அது அவர் முடிவு, நான் ஒன்றும் சொல்லவில்லை. வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அம்மா அதை என் கையில் வைத்தாள். "நீயே பாத்துக்கோ கண்ணு. உன்ன விட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

உண்மைதான். என்னைப் போல அவள்மேல் பாசம் வைத்தவர்கள் யாரும் இல்லை. கல்யாணத்துக்கு அவர் வீட்டு ஆட்கள் நிறையப் பேர் வருவார்கள், எனக்காகப் பேச ஒருத்தி வேண்டும்.

புது மாத்திரையும் வெள்ளைதான்.