கார்ட்டூன் பன்றிக்காக அழுதவர்

பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியபோது கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட வேண்டுமா?

“மரவள்ளிக் காட்டு வேலிய எதுக்குங்க தெறந்து வெச்சீங்க?”

“பேரனோட கார்ட்டூன் படம் பாத்தேன் புள்ள. அதுல ஒரு காட்டுப்பன்னி, தாயில்லாம வளந்தது. மத்தவங்க கஷ்டம் புரிஞ்சு கடைசில திருந்திருச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு.”

“நம்ம காட்டுக்கு வந்த பன்னிக அந்தப் படத்தப் பாக்கலீங்க. பாதிக் கெழங்கு போச்சு.”

“பசிச்சிருக்கும், பாவம்.”

“எங்கம்மா செத்தப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. பன்னிக்கு அழுவறீங்க.”

“உங்கம்மா கடைசி வரைக்கும் திருந்தலையே.”

அந்தம்மா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“இன்னைலேருந்து காட்டுலயே இருங்க. பன்னி திருந்துனதும் ஊட்டுக்கு வாங்க.”