போண்டா மடித்த காகிதம்

பவளத்தின் கடையில் போண்டா வாங்குவதாக இருந்தால் மாலை நான்கு மணிக்குள் போய்விட வேண்டும், சார். அதற்குமேல் போனால் பழைய எண்ணெயில் வெந்ததுதான் கிடைக்கும். அதைத் தின்றவன் அடுத்து எதிரிலிருக்கும் சிராஜுதீன் பாயின் ரத்தப் பரிசோதனை லேபுக்குத்தான் போக வேண்டும். உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் இரண்டும் எதிரெதிரே இருப்பது மக்களுக்கு வசதி.

வாக்குமூலத்தை நானே எழுதித் தர அனுமதித்ததற்கு நன்றி. உங்கள் ரைட்டர் எழுதினால் வரிக்கு வரி 'மேற்படி நபர்' என்று போடுவார். என் பெயர் தாமோதரன். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். வாலாஜாபாத்திலிருந்து இங்கே வரை எந்தக் கடையில் பெட்டி படுத்துக்கொண்டாலும் என் மொபெட் போய் நிற்கும்.

இந்த 2003-ஆம் வருடம் ஆடி மாதம், ஒரு நாள் போண்டாவைத் தின்றுவிட்டுக் கையைத் துடைக்கப் போனபோதுதான் காகிதத்தைப் பார்த்தேன். மருத்துவன்பாடி ராணியம்மாள், வயது ஐம்பத்தாறு, சிறுநீரில் சர்க்கரை இரண்டு பிளஸ். லேபில் ஒவ்வொரு அறிக்கையையும் இரண்டு பிரதி அடிப்பார்கள். இரண்டாவது பிரதி மூட்டையாகப் பழைய பேப்பர் கடைக்குப் போய், அங்கிருந்து பவளத்திடம் வந்து, ஊர்க்காரர்களின் மூத்திர ரகசியம் தேங்காய்ச் சட்னியோடு விநியோகமாகிக்கொண்டிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு நேராக பாயிடம் போனேன். அவர் நல்ல மனிதர். சிரித்தார்.

"இன்னா தாமோதரா, போண்டா துன்றவன் ராணியம்மா சக்கரயப் பாத்தா துன்றான்? எண்ணெயில ஊறிப்போய்க் கீது, எவன் படிப்பான்?"

"நான் படிச்சேனே பாய். அதுவும் இல்லாம, உங்க கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு 786-ன்னு இந்த பஸ் ஸ்டாண்டுக்கே தெரியும்."

நம்மவர் கடைகள் மட்டும் ஒழுங்கா என்று கேட்காதீர்கள். அங்கெல்லாம் 'முருகா' என்று அடித்தால் பாதிப் பெட்டிகள் திறந்துகொள்ளும். பாய்க்குப் பொறுமையாக விளக்கினேன். தகவல் என்பது சொத்து. அதற்குப் பூட்டு வேண்டும். யார் எப்போது திறந்தார்கள் என்ற கணக்கு வேண்டும். மாதம் ஒருமுறை தெரிந்தவன் ஒருவன் வந்து பார்க்க வேண்டும். வருட ஒப்பந்தம் ஒன்றை அச்சடித்தே கொண்டுபோயிருந்தேன். பாய் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் வளர்மதி எட்டிப் பார்த்தாள்.

வளர்மதி அந்த லேபில் அறிக்கை தட்டச்சு செய்யும் பெண். இருபத்திரண்டு வயது. தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"இதுக்கு எதுக்கு பாய் காண்ட்ராக்ட்டு? ரெண்டாவது காப்பிய நானே கிழிச்சி எரிச்சிடறேன். பாஸ்வேர்ட இன்னிக்கே மாத்திடறேன். பேஜாரே இல்ல," என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னாண்ணே, பூட்டு விக்கறவரு ஊரெல்லாம் திருடன்னு சொல்லிக்கினு போற மாதிரி கீது," என்றாள்.

ரத்தம் கொடுக்கக் காத்திருந்தவர்கள்கூட சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை.

அவள் சொன்னபடியே செய்தாள், அதை மறைக்க மாட்டேன். பவளத்துக்கு மறுநாளிலிருந்து பழைய கணக்குப் பரீட்சைத் தாள்தான். இது பரவி, விதைக் கடைக்காரர், கல்யாண மண்டபத்துக்காரர் என்று எல்லாரும் வளர்மதியைக் கூப்பிட்டுத் தங்கள் கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். அவளும் சாப்பாட்டு வேளையில் போய் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தாள். போகிற இடமெல்லாம் அந்தப் பூட்டுக் கதையையும் சொன்னாள். மொபெட்டை நிறுத்தினால் ஆட்டோக்காரன் ஒருவன், "பூட்டு வந்துருச்சுடா," என்பான். எனக்குக் கோபம் வரவில்லை என்று முன்பே எழுதிவிட்டேன்.

என் கவலை தொழில் சார்ந்தது. ஊர் தைரியமாக இருந்தது. ஆபத்து வராதவரை யாரும் பாதுகாப்பைத் தேட மாட்டார்கள். ஆகவே சிறியதாக ஒரு ஆபத்து வந்தால் நல்லது என்று நினைத்தேன். அம்மை வராமலிருக்க அம்மைக் கிருமியையே குத்துவதில்லையா, அதுபோல.

ஆயுத பூஜை வந்தது. பாய் தன் ஆட்களின் பூஜைக்கு ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. பொரியும் கடலையும் அவரே வாங்கித் தருவார். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே துண்டு போர்த்தியிருந்தார்கள். ஏடும் பேனாவும் சரஸ்வதி படத்தின் முன்னால் இருந்தன. அவற்றின் மேல் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய சின்னச் சீட்டு ஒன்று இருந்தது. அதில் புதிய பாஸ்வேர்டு. அவளுக்கு அதுவும் கல்விதானே, பூஜையில் வைத்துவிட்டாள். அத்தனை கெட்டிக்காரி, சாமியிடம் மட்டும் எதையும் மறைக்கவில்லை.

பாய் தொழுகைக்குப் போனார். வளர்மதி தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைகளுக்குப் பொரி கொடுக்கப் போனாள். "அண்ணே, ஒரு அர மணி நேரம் பாத்துக்கோங்க, வந்துடறேன்," என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

துண்டை விலக்கினேன். முதலில் உள்ளே இருந்த அறிக்கைகளில் ஒன்றை எடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவை உண்மையான நோயாளிகளின் ரகசியம். அதை வெளியே விடுவது தவறு, எனக்கு மனம் ஒப்பவில்லை. எனவே நானே ஒன்று தயாரித்தேன். பழைய அறிக்கை ஒன்றில் பெயரை மாற்றி வளர்மதி, வயது இருபத்திரண்டு, கர்ப்பப் பரிசோதனை, பாசிட்டிவ் என்று அடித்தேன். ஏதாவது ஒரு பெயர் வேண்டியிருந்தது, அந்த நேரத்தில் அந்தப் பெயர்தான் நினைவுக்கு வந்தது. பிரிண்டர் போட்ட கூச்சல் ஆட்டோ ஸ்டாண்டு ஒலிபெருக்கியில் அமுங்கிப் போயிற்று. கோப்பை அழித்தேன், துண்டைப் போர்த்தினேன். அவள் வந்து எனக்கு இரண்டு கை பொரி கொடுத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை பவளத்திடம் ஒரு கட்டுப் பழைய காகிதம் இனாமாகக் கொடுத்தேன். அந்தத் தாள் மேலாக இருந்தது. ஜெயம்மாள் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு அங்கே போண்டா வாங்குவார். அவர்தான் வளர்மதிக்கு மாமியாராக வரவேண்டியவர். அவர் கல்லா அருகே வந்து நிற்கும்வரை காகிதக் கட்டை நான் கையில்தான் வைத்திருந்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. பவளத்துக்கும் படிக்கத் தெரியாது, ஜெயம்மாளுக்கும் படிக்கத் தெரியாது. அவர் போண்டாவைத் தின்றுவிட்டுத் தாளைக் கசக்கப் போனார்.

"பெரிம்மா, இரு இரு. லேபு காயிதம் மாதிரி கீது. இதெல்லாம் வெளிய வரக்கூடாதே," என்று வாங்கினேன்.

"இன்னாபா போட்டுக்கீது?"

படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுவது உதவிதானே. கொஞ்சம் சத்தமாகப் படித்தேன். காது கேட்கிற தூரத்தில் பத்துப் பேர் இருந்தார்கள்.

பாய் வளர்மதி வீட்டுக்கே போய், "அந்த டெஸ்ட நாங்க எடுக்கவே இல்ல," என்று சொன்னார். தன்னிடம் வேலை செய்யும் பெண்ணுக்காகப் பேசுகிறார் என்றார்கள். அவள் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதித்து, இல்லை என்று எழுதிய தாளை வாங்கி வந்தாள். அதை ஜெயம்மாள் வீட்டு வாசலில் நின்று நீட்டினாள். யாரும் கையில் வாங்கவில்லை. அங்கிருந்து ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்து, என்னிடமும் கொடுத்தாள். "நீயாவது இத சத்தமா படிண்ணே," என்றாள். எனக்கு அவசரமாக வாலாஜாபாத் போக வேண்டியிருந்தது. மறுநாள் காலை அவள் வீட்டு வயல் கிணற்றிலிருந்து அவளை எடுத்தார்கள்.

பதினாறாம் நாள் கழிந்து பாய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். வளர்மதியின் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கம்ப்யூட்டரை நான்தான் பூட்டினேன். இன்றுவரை அதிலிருந்து ஒரு எழுத்துகூட வெளியே போகவில்லை. விதைக் கடையும் மண்டபமும் என்னிடம் வந்துவிட்டன.

நீங்கள் அந்தப் போண்டாத் தாளை பாயிடம் காட்டியிருக்காவிட்டால் அவர் தேதியைப் பார்த்திருக்க மாட்டார். மூலையில் பிரிண்டர் தானாகவே ஆயுத பூஜைத் தேதியை அடித்துவிட்டது. சந்தனம் வைத்த பெட்டியை அன்றைக்கு இந்த ஊரில் எவனும் தொடமாட்டான். லேபில் அன்று தனியாக இருந்தவன் நான் மட்டும்தான். தேதியை நான் யோசிக்கவில்லை. ஊர் முழுக்க அந்தத் தாளைப் பற்றிப் பேசியதே தவிர, ஒருவரும் அந்த மூலையைப் பார்க்கவில்லை.

ஆக, தாளைத் தயாரித்தது நான், கொடுத்தது நான், படித்தது நான். கிணற்றுக்குப் போனது அவள் முடிவு. அதை என் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வாக்குமூலத்தைத் தயவுசெய்து பூட்டி வையுங்கள். உங்கள் ஸ்டேஷன் அலமாரிக்குக் கொக்கி சரியில்லை, வரும்போதே பார்த்தேன். என் தங்கை ஹேமாவதிக்கு மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். இந்த ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரியாது, சார். இதில் இருக்கும் ஒரு வார்த்தை வெளியே போனாலும் பாவம், ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் வாழ்க்கை வீணாகிவிடும்.