தங்குமிட முகவரி

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கம்ப்யூட்டர் கடையில், வேலைக்கு விண்ணப்பிக்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“எதுக்குப் போறீங்க?” என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

“சுத்திப் பாக்க. அங்க எங்களுக்கு யாரும் இல்ல,” என்றார் கணவர்.

“பொய் சொல்லாதய்யா. பொண்ணு வூட்டுக்குன்னு போடும்மா,” என்றார் மனைவி.

“எம் பேச்ச மீறி கட்டிக்கினு போனவ வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். லாட்ஜுன்னு போடு.”

“அப்ப கிட்ட இருக்கிற ஏற்காட்ட வுட்டுட்டு கொடைக்கானல எதுக்குய்யா புடிச்ச? பேரப்புள்ளய மூணு வருசமா போன்லதான் பாக்குறேன். லாட்ஜுன்னா நீ மட்டும் போ.”



“தங்குற எடத்து அட்ரஸ் சொல்லுங்க, டைம் போவுது,” என்றாள் கடைக்காரப் பெண்.

அந்த அம்மாள் பையைத் துழாவினார். “அய்யோ, போன வூட்லயே வச்சிட்டேனே! ஏதோ ஸ்கூலுக்குப் பக்கத்துலன்னு சொல்லுவா...”

“அது பத்தாதும்மா. கதவு நெம்பர் வேணும்.”

கணவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டு கதவு எண், தெரு, பின்கோடு வரை நிறுத்தாமல் சொல்லி முடித்தார்.

“உனக்கு எப்பிடிய்யா தெரியும்?”

“டைப் பண்ணும்மா,” என்றார் கடைக்காரப் பெண்ணிடம். “பின்னாடி ஆளு நிக்குது.”