காட்டுப்பன்னிக்குப் போட்ட பாட்டு

மாரண்டஹள்ளியில் பாலக்கோடு பஸ்ஸில் ஏறி, வழக்கம்போல் தூங்குவதாக நடித்தேன். முன் சீட்டில் கிடாரோடு இருந்த இளைஞன் பக்கத்திலிருந்தவரிடம் கெஞ்சினான்.

"மாமா, வயல்ல என் பாட்டைப் போட்டுக் காட்டுப்பன்னி வெரட்டாதீங்க."

"ஏன் மாப்ள? ஒண்ணுகூட நிக்கலயே!"

"ராக் மியூசிக்கோட பம்பை, நாயனமெல்லாம் கலந்து ஒரு வருசம் ஒழைச்சிருக்கேங்க."

"அதான் எந்தப் பக்கம் ஓடறதுன்னு பன்னிக்கே தெரியல."

"நாளைக்கு ஓசூர்ல மொதல் கச்சேரி. சனங்களும் ஓடிட்டா?"

"பன்னி ஓசியில வந்துது. சனங்க டிக்கெட் வாங்கியிருக்காங்க, ஓட மாட்டாங்க. இரு, இங்கயே போட்டுப் பாப்போம்."

மாமா போனில் பாட்டைப் போட்டார். இளைஞன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"மாமா! பின்னாடி தூங்கறவரு காலு தாளம் போடுது!"

"பஸ்ஸு ஆடுது மாப்ள."

பஸ் இன்னும் கிளம்பவே இல்லை. டிரைவர் டீக்கடையில் இருந்தார்.