ஆட்காட்டி முட்டைக்குக் காவல் வைத்த மிதவைகள்

மே மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணி. யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் மீன் கூடைகளோடு இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"கரையிலை குப்பை அள்ள வந்தவை ஆட்காட்டிக் குருவியள் மணலிலை இட்ட முட்டையெல்லாம் மிதிச்சுப்போட்டினம், அக்கா" என்றாள் இளையவள்.

"நீங்கள் முட்டையளைச் சுத்தி மிதவை வைச்சனீங்கள்தானே?"

"ஓம். ஆரும் மிதிக்கக்கூடாதெண்டு ஊரே சேர்ந்து வைச்ச பழைய வலை மிதவையள். அதைத்தான் பிளாஸ்டிக் குப்பையெண்டு முதல் அள்ளினவை."

"நீ சொல்லேல்லையோ?"

"கத்தினனான். பறவையளுக்காகத்தான் துப்புரவாக்கிறம், தள்ளி நில்லுங்கோ எண்டவை. இப்ப வாற ஞாயிற்றுக்கிழமை கூட்டமாம். பறவையளை எப்பிடிப் பாதுகாக்கிறதெண்டு எங்களுக்குப் படிப்பிக்கப் போயினமாம்."

"போவியோ?"

"போவன். உடைஞ்ச முட்டைக் கோதெல்லாம் பொறுக்கி வைச்சிருக்கிறன். அவையின்ரை மேசையிலை கொட்டிப்போட்டுத்தான் கதிரையிலை இருப்பன்."